மேற்கெல்லைக்காரி

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டை மகுடேசுவரன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். நாடு பெரிசு, மீசை அதைவிடப் பெரிசு, பொறுமை மட்டும் கடுகத்தனை. காலையில் ஒன்று நினைப்பான், மத்தியானம் அதையே மாற்றுவான்.

அவன் அரண்மனைக்கு மேற்கே, ஒட்டினாற்போல ஒரு சின்ன வீடு. அதிலே இருந்தவள் வெள்ளையம்மாள். காளவாயில் சுண்ணாம்பு சுட்டு, கடுக்காய்த் தண்ணீர் விட்டுக் குழைத்துச் சுவர் பூசுகிறவள். ஏழு வருஷத்துக்கு முன்னே அந்த அரண்மனையைக் கட்டியபோது பூச்சு முழுக்க அவள் கைதான். அந்தச் சுவரில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு!

அங்கேதான் வினை பிறந்தது. ஒருநாள் ராசா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிரதானி பூவராகரே, ஏழு வருஷமாக நீர் பாடுகிற துதி பழசாகிவிட்டது. இந்தப் பூச்சு இன்னும் புதுசாக இருக்கிறதே!" என்றான். சபை சிரித்தது. பூவராகனுக்கு எரிந்த வயிற்றெரிச்சலில் நாலு காளவாய் சுண்ணாம்பு சுட்டிருக்கலாம்.

மறுநாளே ராசாவின் காதைக் கடித்தான். "மகாராஜா, தங்கள் முந்நூறு கிளிகளும் கூண்டில் வாடுகின்றன. மேற்கே அந்தச் சுண்ணாம்புக்காரி வீட்டை இடித்தால், அழகாக ஒரு கிளி மண்டபம் கட்டலாம்."

"இடி! கட்டு!" என்றான் ராசா. அவ்வளவுதான், வேலை முடிந்தது.

பூவராகன் கடப்பாறையும் ஆளுமாக வந்து இறங்கினான். "முதல் கல் என் கையால்தான்!" என்று தானே கடப்பாறையை வாங்கி, அவள் வீட்டுச் சுவரில் நாலு கல்லைப் பெயர்த்துப் போட்டான். வெள்ளையம்மாள் சுண்ணாம்புக் கையோடு ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"நிறுத்துங்கய்யா! இது நான் பொறந்த வீடு. என் பொழப்பும் இங்கதான். யாரைக் கேட்டு இடிக்கிறீங்க?"

"ராஜ உத்தரவு. இங்கே கிளி மண்டபம் வரப்போகிறது. மூட்டையைக் கட்டு!"

"மாட்டேன். அந்த உத்தரவை ராசா வாயாலேயே கேட்டுக்கிறேன்."

கையைக்கூடக் கழுவாமல் சபைக்கு நடந்தாள். பயம் இல்லையா என்றால், இருந்தது. வீடு போனால் காளவாயும் போச்சு, அடுத்த வேளைச் சோறும் போச்சு. ஆனால் அழுதுகொண்டு போய் நின்றால் பூவராகன் பல்லைக் காட்டுவான். அந்தச் சந்தோஷத்தை அவனுக்குக் கொடுக்க அவளுக்கு மனசில்லை.

"கிளிக்கு மண்டபம், எனக்குத் தெருவா மகராசா? வீட்டைத் தர மாட்டேன்" என்றாள்.

சபை வாயைப் பிளந்தது. ராசாவுக்கு மீசை துடித்தது. ஆனாலும் அவன் வேடிக்கைப் பிரியன். "வீடு உனக்கு வேண்டும் என்று சொல்லாதே, அது ஊரறிந்தது. உன் வீடு எனக்கு ஏன் வேண்டும் என்று காட்டு. காட்டினால் வீடு நிற்கும். இல்லையென்றால் பொழுது சாய்வதற்குள் தரைமட்டம்!"

"மலைக்கு எதற்கு மண்ணாங்கட்டி?" என்று பூவராகன் எகத்தாளமாகச் சிரித்தான்.

வெள்ளையம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அரண்மனைச் செப்பேட்டைக் கொண்டு வரச் சொல்லுங்க மகராசா. எழுதினவரு பிரதானிதானே? அவரே படிக்கட்டும்."

செப்பேடு வந்தது. பூவராகன் குரலை உயர்த்தினான். "மகாராஜாதி ராஜ, ராஜமார்த்தாண்ட..."

"பட்டத்தை விடுங்கய்யா, செக்குபந்திக்கு வாங்க."

செக்குபந்தி தெரியுமல்லவா? ராசா மனையானாலும் ஆண்டி மனையானாலும், நாலு பக்கமும் எது யாருடையது என்று எழுதிவைக்கிற எல்லை விவரம்.

"கிழக்கே ஆறு. வடக்கே கோயில் குளம். தெற்கே ராஜவீதி. மேற்கே..." பூவராகன் ஏட்டைத் தாழ்த்தினான்.

"மேற்கே? காத்தா வந்து படிக்கும்?"

"மேற்கே... சுண்ணாம்புக்காரி வெள்ளையம்மாள் வீட்டுச் சுவர்."

"கேட்டீங்களா மகராசா? உங்க அரண்மனை என் சுவத்துலதான் முடியுது. அதை இடிச்சா உங்க மேற்கெல்லையே போச்சு. அந்தப் பக்கத்து மலைநாட்டு ராசா ஏற்கெனவே எல்லைத் தகராறு பண்றாரு. நாளைக்கு உங்க படுக்கையறை வரைக்கும் வேலியை இழுத்துக் கட்டினாருன்னா, எதைக் காட்டுவீங்க? கிளியையா?"

ராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூவராகன் குறுக்கே பாய்ந்தான். "மாற்றி எழுதிவிடலாம் மகாராஜா! மேற்கே கிளி மண்டபம் என்று..."

"தன் மனைக்குத் தன் மண்டபமே எல்லையா? எந்த ஊர் வழக்கமய்யா அது? செப்பேட்டைத் திருத்தணும்னா எல்லைக்காரங்க சம்மதிச்சுக் கையெழுத்தாக் கீறல் போடணும், இது மகராசா போட்ட சட்டம். ஏழு வருஷத்துக்கு முன்னால என்னைக் கூப்பிட்டாங்க, போட்டேன். இப்பப் போட மாட்டேன். தலையை எடுத்தாலும் இந்தக் கை கீறாது!"

ராசா மீசையைத் தடவினான். "பூவராகரே, எல்லையைக் கலைத்தவனுக்கு நம் நாட்டில் என்ன தண்டனை?"

"கலைத்தவனே... தன் கையால்... திரும்பக் கட்ட வேண்டும், மகாராஜா."

"நாலு கல்லைப் பெயர்த்தது யார்?"

அன்று சாயங்காலம் பூவராகன் பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்துகட்டிக்கொண்டு சுண்ணாம்பு குழைத்தான். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது.

ராசாவும் வந்தான். "கேள் வெள்ளையம்மா, பொன்னா? பல்லக்கா?"

"ரெண்டும் வேணாம். என் வீட்டுக்கும் ஒரு செப்பேடு வேணும். உங்க மனசு நாளைக்கு மாறும், செம்பு மாறாது."

ராசா தானே உளியை வாங்கினான். "கிழக்கே என்ன எழுத?"

சுவரடியிலிருந்து பூவராகன் ஆரம்பித்தான். "மகாராஜாதி ராஜ, ராஜமார்த்தாண்ட..."

"அதெல்லாம் வேணாம். கிழக்கே, அரண்மனைக்கார மகுடேசுவரன் வீட்டுச் சுவர். அவ்வளவுதான்."

"பட்டம் இல்லாமலா?" என்றான் ராசா.

"உங்க ஏட்டுல நான் எப்படி இருக்கேனோ, என் ஏட்டுல நீங்களும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரங்கதானே நாம?"

ராசா அவள் சொன்னபடியே, ஓர் எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் வெட்டி, அடியில் தன் கீறலையும் போட்டான்.

கிளி மண்டபமா? மறுநாள் காலையில் ராசா முந்நூறு கிளிகளையும் திறந்துவிட்டான். மனசு மாறிவிட்டது, வேறென்ன! செம்பு மட்டும் மாறவில்லை.