முகம் பார்க்கப் போன கார்

புதிர் என்றதும் ராஜாவையும் மூன்று இளவரசர்களையும் எதிர்பார்க்க வேண்டாம். இதில் ஒரு வாடகைக் கார், ஒரு நான்குவழிச்சாலை, ஒரு துக்க வீடு, அவ்வளவுதான். சிரிக்க இடமில்லாத கதை. அவிழ்க்க நினைப்பவர்கள், யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதில் மட்டும் காதை வைத்துக்கொள்ளுங்கள்.

மேலூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் ராக்கப்பனின் அம்மா இறந்துபோனாள். ராக்கப்பன் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். ஒரே மகன், குடம் உடைக்க வேண்டியவன். அவனுக்காக அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும், அதற்குமேல் முறையில்லை என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் எல்லாவற்றையும் முன்னின்று பார்த்தவள் அவனுடைய அக்கா போதும்பொண்ணு. அவள் புருஷன் சில வருஷங்களுக்கு முன் ஒரு சாவுக்கு அவசரமாகக் கிளம்பி, தம்பி வரப்போகும் இதே நான்குவழிச்சாலையில் நின்றிருந்த லாரியின் பின்னால் காரை மோதி இறந்தவர்.

ராக்கப்பன் வந்த விமானம் மறுநாள் திருச்சியில் தாமதமாக இறங்கியது. வெளியே வந்ததும் சகாயம் என்பவரின் டாக்சியில் ஏறினான். வேகமாகப் போகச் சொன்னபோது சகாயம் உள்ளதைச் சொல்லிவிட்டார். வேகத்துக்காக அவர் ஏற்கெனவே ஒருமுறை மாட்டியவர். இன்னொரு முறை மாட்டினால் லைசென்ஸை முடக்கிவிடுவார்கள். அந்த அட்டையை நம்பித்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கிறது.

ராக்கப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "எது வந்தாலும் நான் பாத்துக்கிறேண்ணே. எங்காத்தா மொகத்த மட்டும் பாத்துரணும்."

சகாயமும் தாயைப் பறிகொடுத்தவர்தான். மனசு கேட்காமல் மிதித்தார்.

விராலிமலை தாண்டியதும் நெடுஞ்சாலை ரோந்து வண்டி மடக்கியது. வேகம் அளக்கும் கேமராவில் காரின் வேகம் அப்பட்டமாகப் பதிவாகியிருந்தது. உதவி ஆய்வாளர் தனராஜிடம் ராக்கப்பன் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. காலில் விழவும் போனான். தனராஜ் அவனைத் தூக்கி நிறுத்தினார், திட்டவில்லை. ஆனால் லைசென்ஸை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மனுஷன் கல்லா என்று ராக்கப்பனுக்குத் தோன்றியது.

"அளவான வேகத்துல போனாலே பொழுதுக்குள்ள போய்ச் சேர்ந்துரலாம், தம்பி. இப்ப வந்த மாதிரி போனீங்கன்னா இன்னொரு வீட்லயும் பந்தல் போடணும்" என்று சொல்லிவிட்டு, ரசீது எழுத வண்டிப் பக்கம் போனார்.

அந்த இடைவெளியில் ராக்கப்பன் அக்காவுக்குப் போன் போட்டான்.

"போலீஸ்ல மாட்டிக்கிட்டோம்க்கா. விட்டதும் வெரட்டி வந்துர்றோம். எடுத்துராதீக."

போதும்பொண்ணு சொன்னாள்: "எடுத்தாச்சுய்யா. மண்ணும் போட்டாச்சு. இனி எதுக்கு அவசரம்? மெதுவா வா."

அப்போது அம்மா பந்தலுக்குள் பெட்டியில்தான் இருந்தாள். தம்பி பறந்து வந்தால்தான் முகம் பார்க்க முடியும் என்று போதும்பொண்ணு நினைத்தாள். அவன் பறந்தால் என்ன ஆகும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேறு யாராவது போனில் உண்மையைச் சொல்லிவிட்டால் அவன் மறுபடியும் காரை விரட்டச் சொல்வான் என்று பயந்து, அவன் வர மாட்டான், எடுங்கள் என்று பங்காளிகளை அவசரப்படுத்தினாள். சித்தப்பா மகன் ஒருவன் குடம் உடைத்தான்.

லைசென்ஸுக்குப் பதிலாகத் தந்த ரசீதோடு, கார் அதற்குப்பின் நிதானமாகத்தான் வந்தது. துவரங்குறிச்சிக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி ராக்கப்பன் வாய்விட்டு அழுதான். ஊர் எல்லைக்கு வந்தபோது வெயில் இன்னும் முழுசாக இறங்கவில்லை. மயானத்திலிருந்து ஆட்கள் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, சற்று முன்புதான், உன் அக்காதான் அவசரப்படுத்தினாள் என்றார்கள்; அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வழியில் அழுவதற்கு நிற்காமல் சாதாரணமாக வந்திருந்தாலே முகம் பார்த்திருப்பான்.

அக்காவை ஏறிட்டுப் பார்க்காமல் கார்ப் பக்கம் திரும்பினான். லைசென்ஸ் திரும்பி வரும்வரை மாதாமாதம் பணம் அனுப்புவதாகச் சகாயத்திடம் சொன்னான். அவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"பணத்த அனுப்புவீங்க. என் பேர்ல ஏறுன கேஸ நீங்க எப்படித் தம்பி பாத்துக்குவீங்க?" என்றார்.

மகன் தாயின் முகத்துக்காக விரட்டச் சொன்னான். ஓட்டுநர் இரக்கப்பட்டு விரட்டினார். அதிகாரி இரக்கப்படாமல் நிறுத்தினார். அக்கா தம்பியின் உயிருக்காகப் பொய் சொன்னாள். இந்த நாலு பேரில் யார் செய்தது சரி?

விடை: தனராஜ் செய்ததுதான் சரி. முகம் தவறியது அவர் பிடித்ததால் அல்ல. பிடித்த பிறகும் நேரம் இருந்தது, அதை அவரே சொன்னார். ராக்கப்பன் அதைக் காதில் வாங்கி, நிதானமாகவே பொழுதுக்குள் வந்துவிடுவோம் என்று அக்காவிடம் சொல்லியிருந்தால் அவள் காத்திருப்பாள். அவன் விரட்டி வருகிறேன் என்றான். சகாயத்தின் இரக்கம் நல்ல இரக்கம்தான், ஆனால் ஸ்டியரிங் அவர் கையில் இருந்தது, அதன் பலனை வேறு யாரும் வாங்கிக்கொள்ள முடியாது. போதும்பொண்ணு செய்தது சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பெற்றவள் முகத்தைப் பிள்ளைக்கு இல்லாமல் செய்ய யாருக்கும் உரிமை கிடையாது. ராக்கப்பன் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பக்கத்தில் சித்தப்பா வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவள் காதில் விழும்படி திட்டுகிறான். அவள் ஒரு வார்த்தை பதில் சொல்வதில்லை. திட்டுவதற்கு அவன் இருக்கிறானே, அது போதும் அவளுக்கு.