பூவலிங்கம் நட்ட பந்தக்கால்

ஒரு ஊர்ல ஒரு தாய்மாமன் இருந்தாராம். பூவலிங்கம்னு பேரு. பேருலதான் பூவு, ஆளுக்கு ஒரு பூவும் தெரியாது. பாவம், எப்படித் தெரியும்? அவருக்கு உப்பளத்துல வேலை. அங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை வெளேர்னு உப்புதான். மருந்துக்குக்கூட ஒரு நல்ல மரம் கிடையாது. எங்க, ம் சொல்லு, அப்பத்தான் மேல சொல்லுவேன். ஆங்.

அவருக்கு ஒரு அக்கா, சண்முகவடிவுன்னு. மலையடிவாரத்துல குடியிருந்தா. அந்த அக்கா மக கோமுவுக்குக் கல்யாணம். அந்தப் பக்கத்து வழக்கம் என்னன்னா, பந்தக்காலுக்குக் கல்யாண முருங்கைக் கொம்புதான் நடணும். அதையும் தாய்மாமன்தான் வெட்டிட்டு வரணும். தாலி கட்டுறதுக்குள்ள அந்தக் கொம்பு துளிர் விட்டுச்சுன்னா, பொண்ணு போற எடத்துல தழைப்பான்னு எல்லாருக்கும் வயிறு குளிரும். துளிர்க்கலன்னா? ஊரு வாய் சும்மா இருக்குமா? கோமுவுக்கு ஏற்கெனவே ஒரு எடத்துல நிச்சயம் பண்ணி நின்னு போச்சு. அதனால கல்யாணத்துக்கு வந்து எறங்கின மாமன்கிட்ட அந்தப் புள்ள, "மாமா, நல்ல கொம்பாப் பாத்துக் கொண்டு வாங்க"ன்னு மட்டும் மெதுவாச் சொன்னா.

அப்போ அக்கா, "தம்பி, மரத்துக்கு அடையாளம் சொல்றேன், கேட்டுட்டுப் போ"ன்னா.

"செவப்பாப் பூத்திருக்கும், அவ்வளவுதான? எனக்குத் தெரியாதாக்கும்!"னு அருவாளைத் தோள்ல போட்டுட்டுக் கெளம்பிட்டாரு. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா ஐயாவுக்குக் கிரீடம் எறங்கிப் போயிரும் பாரு.

அது மாசி மாசம். காட்டுல மரமெல்லாம் இலையை உதுத்துட்டு மொட்டையா நிக்குது. அதுல பாதி மரம் செவப்பாப் பூத்திருக்கு! மாமனுக்குத் தலை சுத்திருச்சு. சரின்னு, முதல்ல கண்ணுல பட்ட மரத்துல டொக்கு டொக்குன்னு ஒரு கொம்பை வெட்டித் தூக்கிட்டு வர்றாரு. எதுத்தாப்புல வெறகு சொமந்துட்டு வந்த ஒருத்தி பாத்தா. கெக்கெக்கேன்னு சிரிச்சா.

"அண்ணாச்சி, இது புரச மரமுல்லா? பூவு கிளி மூக்காட்டம் இருக்கு பாருங்க. கல்யாண முருங்கைல முள்ளு இருக்கும்."

தொப்புன்னு போட்டுட்டாரு. அப்புறம் முள்ளுள்ள மரமாத் தேடினாரு. கெடைச்சிருச்சு! உச்சியில செக்கச்செவேல்னு பூவு. அருவாளை ஓங்கினாரோ இல்லையோ, பொத்து, பொத்துன்னு ரெண்டு பூ அவரு தலையிலயே விழுந்துச்சு. ஒவ்வொண்ணும் இம்மாம் பெருசு, கிண்ணமாட்டம். மாடு மேய்க்கிறவரு தூரத்துல இருந்தே கத்துறாரு, "யோவ், அது இலவ மரம்யா! கல்யாண முருங்கைப் பூவு புலி நகமாட்டம் வளைஞ்சு, கொத்தா இருக்கும். எலை மூணு மூணா இருக்கும்!"

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்புறம் நடந்து நடந்து ஒரு வெத்தலைக் கொடிக்காலுக்கு வந்தாரு. கொடி படர்றதுக்கு நட்ட மரத்து உச்சியில செவப்பாப் பூவு. இந்தத் தடவை அருவாளைக் கீழ வச்சுட்டாரு. கொடிக்கால்காரர்கிட்ட போயி, "ஐயா, எனக்கு மரம் தெரியாது. இது கல்யாண முருங்கைதானா?"ன்னு கேட்டாரு.

"தொட்டுப் பாருமே"ன்னாரு அவரு.

தொட்டாரு. சுருக்! முள்ளு இருக்கு. பூவைப் பாத்தாரு. நகமாட்டம் வளைஞ்சு, கொத்தா இருக்கு. எலையைத் தேடினாரு. ஒரு கெளையில மட்டும் உதிராம நின்னுச்சு, ஒரு காம்புல மூணு எலை. அப்பாடான்னு ஒரு மூச்சு விட்டாரு பாரு, வெத்தலைக் கொடியே ஆடிருச்சு. கேட்டு, கும்பிட்டு, ஒரு கொம்பு வெட்டிக்கிட்டு ஓட்டமா வந்தாரு.

வந்தவரு என்ன செஞ்சாரு தெரியுமா? உப்பளத்துல முளைக்குச்சி அடிக்கும்போது மெலிஞ்ச பக்கத்தைச் சீவி மண்ணுல எறக்குவாங்க. அதே கைப்பழக்கத்துல கொம்போட நுனியைச் சீவி சரக்குன்னு நட்டுட்டாரு! மஞ்சத்துணி சுத்தி, மாவிலை கட்டி, குலுலுலுன்னு கொலவை போட்ட அவசரத்துல யாரும் கவனிக்கல. எல்லாரும் போனப்புறம் நிமிந்து பாக்குறாரு, தடிச்ச பக்கம் மேல இருக்கு. தலைகீழ்! நட்ட பந்தக்காலைப் புடுங்கவும் கூடாது. வெளிய சொல்லவும் வாய் வரல.

தெனமும் தண்ணி ஊத்தினாரு. மேல அண்ணாந்து அண்ணாந்து பாத்தாரு. ஒண்ணும் இல்ல. கோமுவும் வந்து அண்ணாந்து பாத்துட்டு உள்ள போயிருவா. அதைப் பாக்கப் பாக்க மாமனுக்குச் சோறு எறங்கல.

கல்யாணத்தன்னைக்குக் காலையில மாப்பிள்ளையோட அம்மா தெய்வானை வந்தா. நேரா பந்தக்கால்கிட்ட போயி நின்னா. மேல பாத்தா. கீழ பாத்தா. "இதை நட்டது யாரு?"ன்னா.

மாமன் முன்னால வந்தாரு. "நான்தான் மதினி. தெரியாம தலைகீழா நட்டுட்டேன். தப்பு என் பேர்ல. எங்க புள்ளைய ஒண்ணும் நெனைச்சிராதீங்க."

"நீங்க மேலயே பாத்தா எப்படித் தெரியும்? இங்க குனியுங்க"ன்னா அந்த அம்மா.

குனிஞ்சு பாத்தா, மண்ணை ஒட்டி, மஞ்சத்துணியை முட்டிக்கிட்டு ஒரு குருத்து! தரையைப் பாத்து மொளைச்சு, அப்படியே வளைஞ்சு, வெயிலைப் பாத்து நிமிந்து நிக்குது.

"தலைகீழா நட்டுமே இது வழி கண்டுபுடிச்சு வந்திருக்கே. இந்த வீட்டுப் பொண்ணு எங்க வீட்டுல தழைக்காமலா போயிருவா? கோமு, வாம்மா"ன்னு கையை நீட்டினா.

அம்புட்டுதான். டும்டும்டும் பீப்பீப்பீன்னு கெட்டிமேளம் முழங்குது. மாமன் எங்கன்னு தேடினா, பந்தி ஓரத்துல உக்காந்து, விட்டுப்போன சோத்துக்கெல்லாம் சேத்து வெளுத்து வாங்கிட்டிருந்தாரு.

மாமன் வயிறும் நெறஞ்சுது, என் கதையும் தீந்துது. கண்ணை மூடு, ராசாத்தி.