பைண்டில் இல்லாத அத்தியாயம்

சரட்… சரட்… என்று ஒரு சத்தம். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஏதோ இழுபடுகிறது, நிற்கிறது, மறுபடி இழுபடுகிறது. சீலையை விலக்கினால், கட்டிலருகே உட்கார்ந்து இசக்கியம்மாள் ஒயர் கூடை பின்னிக்கொண்டிருந்தாள். கட்டிலில் அவள் கணவர் நம்பிராஜன், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் அவருக்கு இருதய ஆபரேஷன். சம்மதக் கையெழுத்து மட்டும் பாக்கி. சாயங்காலத்துக்குள் போடாவிட்டால் நாளைய ஆபரேஷன் முறை வேறு ஆளுக்குப் போய்விடும். கேட்டால், “கதை முடியட்டும்” என்கிறார்.

கதை என்பது அவர் மடியில் கிடந்த பைண்டு. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சின்ன ஆபரேஷனுக்காக நடந்து வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கண் திறக்காமலே போகிறார்கள். யார் செய்வது?

வாராவாரம் அதைக் கத்தரித்து, ஊசிநூல் போட்டுத் தைத்தவள் இசக்கியம்மாள். கடைக்குப் போய்ப் பத்திரிகை வாங்கி வருவது மட்டும் அவர் வேலை. கூடவே பக்கோடாவும் வரும். “பிச்சுப் பிச்சுப் படிக்க எனக்குப் பொறுமை கிடையாது. நீ தச்சு வை, மொத்தமா பாத்துக்கிடுதேன்” என்பார்.

பத்திரிகையின் அட்டை பளிச்சென்று இருக்கும். நடுவில் தொடர்கதைப் பக்கங்களின் கீழ்மூலையில் மட்டும் எண்ணெய். “பக்கோடாவையும் பொஸ்தகத்தையும் ஒரே பையில போடாதியன்னா கேக்கியளா?” என்று அவள் வைவாள். அவர் தலையாட்டுவார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அந்த பைண்டுதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இசக்கியம்மாளுக்கு முடிவு தெரியும். கொலைகாரன், மயக்க ஊசி போடும் டாக்டர். ஆபரேஷனுக்குப் போகிற மனுசன் படிக்கிற கதையா இது? நூலை வெட்டிக் கடைசி அத்தியாயத்தை உருவியெடுத்தாள். வார்டுக்கு வந்ததும் நர்ஸ் ரோஸ்லினிடம் கொடுத்து, அவர் கண்ணில் படாமல் வைத்திருக்கச் சொன்னாள்.

“என்னக்கா, மூலையில எல்லாம் எண்ணெய்?”

“அவுக பக்கோடாதான். வேறென்ன.”

மத்தியானம் பைண்டு கடைசி அத்தியாயம் இல்லாமல் நின்றது. “எங்கட்டி மீதி?” என்றார்.

“கடைசி வாரத்த எங்கயோ வச்சுத் தொலைச்சிட்டேன்,” என்றாள் கூடையைப் பார்த்துக்கொண்டே.

அடுத்த கட்டிலில் காஜா மைதீன். ஆபரேஷன் முடிந்து தேறிவருபவர். மளிகைக்கடையில் உட்கார்ந்து இதே தொடரைப் படித்தவர். சொல்லக் கூடாது என்று இசக்கியம்மாள் முன்கூட்டியே கெஞ்சியிருந்தாள். நம்பிராஜன் அவரிடம் முடிவைக் கேட்டார்.

“அதுவா அண்ணாச்சி? ஆஸ்பத்திரி முதலாளிதான் அத்தனைக்கும் காரணம். மயக்க ஊசி டாக்டர் தங்கமான மனுசன். எல்லாரையும் காப்பாத்துனதே அவர்தான்.”

“அப்படியா பாய், சந்தோசம்,” என்று சொல்லிவிட்டு நம்பிராஜன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சம்மதக் காகிதம் கையெழுத்தில்லாமல் தலையணைக்கு அடியிலேயே கிடந்தது.

வெயில் சாயும் நேரத்தில் ரோஸ்லின் வந்தாள். “சிஸ்டர், நீயாவது சொல்லு. யார் கொன்னது?” என்றார் நம்பிராஜன்.

இசக்கியம்மாள் வேண்டாம் என்று தலையசைத்தாள். ரோஸ்லின் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மயக்க டாக்டர்தான். கதையில. நாளைக்கு உங்களுக்கு வர்றது லேடி டாக்டர். கோபக்காரி, கொலைகாரி இல்ல.”

இசக்கியம்மாளின் கையிலிருந்து ஒயர் நழுவியது.

நம்பிராஜன் எழுந்து உட்கார்ந்தார். “சரி, இப்ப என் கதையச் சொல்லு. பொழைப்பனா?”

“உறுதியா யாராலயும் சொல்ல முடியாது. செஞ்சா ஆபத்து உண்டு, செய்யாம விட்டா இன்னும் ஜாஸ்தி. மீதிய ஆபரேஷன் டாக்டர்கிட்ட கேளுங்க. அவர் மழுப்பினா நான் பக்கத்துல நின்னு இருமுறேன்.”

“பேனா வச்சிருக்கியா?” என்றார்.

மனைவி மறைத்தாள், பக்கத்துக் கட்டில்காரர் மாற்றிச் சொன்னார், நர்ஸ் உள்ளதைச் சொன்னாள். மூவருமே அவர் நல்லதைத்தான் நினைத்தார்கள். படிக்கிறவரே, கதையை இங்கே நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்: இதில் யார் செய்தது சரி?

விடை மூலையில் இருக்கிறது. பொட்டலத்து எண்ணெய் என்றால் அட்டையில் அல்லவா முதலில் ஊறும்? தொடர்கதைப் பக்கத்தின் மூலையில் மட்டும் படிவது, பக்கோடா தின்றுகொண்டே புரட்டுகிற விரலின் எண்ணெய். வாராவாரம் கடை வாசலிலேயே படித்து முடித்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். கொலைகாரன் யாரென்று அவருக்கு முன்பே தெரியும். தெரிந்த ஒன்றைக் கேட்டு, தெரியாத ஒன்றை யாரிடம் கேட்கலாம் என்று ஆள் பார்த்தார். ஆகவே ரோஸ்லின் செய்ததே சரி. மற்ற இருவர் மேலும் குற்றமில்லை. அவர் பயத்தை அளந்தார்கள், அவரை அளக்கவில்லை.

ரோஸ்லின் திருப்பிக் கொடுத்த பக்கங்களின் எண்ணெய் மூலையை இசக்கியம்மாள் விரலால் தடவிப் பார்த்தாள்.

“பக்கோடா நல்லாருந்துதா?” என்றாள்.

“கடைசி வாரம் கொஞ்சம் உப்பு ஜாஸ்தி.”

அவள் குனிந்து, கீழே கிடந்த ஒயரை எடுத்து, விட்ட இடத்தில் கோத்தாள். சரட்… சரட்…