பூந்தியின் சர்க்கரை

ஆற்றங்கரை மடத்தில் ஒரு பூனைக்குச் சர்க்கரை வியாதி வந்தது. பூனையின் பெயர் பூந்தி. அப்படிப் பெயர் வைத்தவர் வேலாயுதத்தின் மனைவி. அந்த அம்மாள் காலமான பிறகு வேலாயுதம் வீட்டைப் பூட்டிவிட்டு, பூந்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மடத்துக்கு வந்துவிட்டார். அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. குரு நாச்சியாரம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. வயதில் மகள் மாதிரி இருந்தவரை அவர் முதல் நாளே அம்மா என்று கூப்பிட்டார்.

வந்ததிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான்.

"எம் மனசு ஒரு நாள் ஏறுது, ஒரு நாள் இறங்குது. எப்பம்மா ஒரு இடத்துல நிக்கும்?"

"முதல்ல சாப்பிடுங்க" என்பார் அம்மா.

வேலாயுதம் வேலை பார்த்தது துணை மின் நிலையத்தில். மீட்டரில் முள் ஏறினால் இறக்கவேண்டும், இறங்கினால் ஏற்றவேண்டும். ஆயுள் முழுக்க அதையே செய்த கை. ஊரே அந்தக் கையை நம்பி விளக்குப் போட்டது. அந்தக் கையில் ஒரு பூனையைக் கொடுத்தால் அது வேறு என்ன செய்யும்?

டவுனில் இருந்த கால்நடை டாக்டர் ஜெசிந்தா, காலையும் மாலையும் போடவேண்டிய இன்சுலின் அளவைச் சொன்னார். ஊசி போடவும், காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கவும் கற்றுக்கொடுத்து அனுப்பினார். வேலாயுதம் பார்த்தார். கூடியிருந்தது. மருந்தை ஏற்றினார். மறுபடி பார்த்தார். இறங்கியிருந்தது. குறைத்தார். பாவம் பூந்தி, அவர் இருமல் சத்தம் கேட்டாலே ஆட்டுரலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. துரத்திப் பிடித்துப் பார்த்தால், பயத்தில் சர்க்கரை இன்னும் கூடியிருந்தது. அவர் இன்னும் ஏற்றினார்.

ஒரு மத்தியானம் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, பூந்தி தள்ளாடி வந்து அடுப்படி வாசலில் விழுந்தது. வேலாயுதம் தேனைத் தொட்டு அதன் ஈறில் தடவினார். ஆட்டோவில் தூக்கிக்கொண்டு டவுனுக்கு ஓடினார்.

பூந்தி கண் திறந்த பிறகுதான் டாக்டர் பேசினார்.

"ஏத்தி இறக்கி, ஏத்தி இறக்கி, அது உடம்பு என்ன சார் செய்யும்? ஒரே அளவு, ஒரே நேரம், ஒரே சாப்பாடு. சர்க்கரையைப் பாருங்க, பார்த்து எனக்குச் சொல்லுங்க. அளவை மாத்துறது என் வேலை. ரொம்ப இறங்கியிருந்தாலோ, சாப்பிடாம கிடந்தாலோ, ஊசி போடாம உடனே போன் பண்ணுங்க. இன்னொரு தடவை இப்படி விழுந்தா எந்திரிக்கும்னு என்னால சொல்ல முடியாது."

வேலாயுதம் பூந்தியை மடியில் வைத்துக்கொண்டு குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"டாக்டர் சொன்னது புத்திக்குப் புரியுதும்மா. கைக்குத்தான் புரியல. நம்பரைப் பார்த்ததும் தானாப் போவுது. இதுவும் போயிட்டா, அவ இன்னொரு தடவை போன மாதிரி. என்ன செய்யட்டும்?"

"நாளைக்குச் சொல்லுதேன். அதுவரைக்கும் செண்பகம் ஊசி போடட்டும்."

செண்பகம் மடத்தில் சமையல் பார்ப்பவள். டாக்டர் சொன்ன அளவைக் கேட்டுக்கொண்டு, போட்டாள்.

மறுநாள் காலை கஞ்சி ஊற்ற நாச்சியாரம்மையே வந்தார். வேலாயுதத்தின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"கூடியிருக்கு" என்றார். பாதிக் கஞ்சியைத் திரும்பப் பானையில் ஊற்றினார்.

மத்தியானம் மறுபடி பார்த்தார். "இறங்கிருச்சு." சோற்றைக் குவித்தார்.

"போதும்மா."

"முகம் போதும்னு சொல்லலியே."

சாப்பிட்டுப் படுத்தவரை எழுப்பி முகம் பார்த்தார். எழுந்தவரைப் படுக்கச் சொன்னார். படுத்தவரை மறுபடி எழுப்பி, மடத்தைச் சுற்றி நடக்கவிட்டார். எந்தத் தூணைத் தாண்டினாலும் பின்னால் அம்மா, கையில் கரண்டியோடு. சாமி கும்பிட வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மறுநாளும் இதே கூத்து. வேலாயுதத்துக்கு வயிறு ஒரு பக்கம், தூக்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம்.

சாயங்காலம் கரண்டிச் சத்தம் கேட்டது. அவர் போய் ஆட்டுரலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அங்கே ஏற்கெனவே பூந்தி இருந்தது. கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது.

அம்மா எட்டிப் பார்த்தார்.

"முகம் ரொம்பக் கூடியிருக்கே, வேலாயுதம் அய்யா."

"கூடத்தாம்மா செய்யும். நீங்க இப்படித் துரத்தினா பின்னே என்ன செய்யும்? முகத்தைப் பாருங்க, வேண்டாங்கல. பார்த்ததும் கரண்டியை நீட்டாதீங்க. நேத்து ஊத்துன கஞ்சியையே இன்னிக்கும் ஊத்துங்க. நாளைக்கும் அதையே ஊத்துங்க. கொஞ்ச நாள் விட்டாத் தானாச் சரியாயிரும்."

அம்மா குனிந்து பூனையிடம் சொன்னார்.

"கேட்டுக்கிட்டியா பூந்தி? அய்யா சொல்லுதாரு."

வேலாயுதம் பூந்தியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். ஆட்டுரலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். மடத்துக்கு வந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. செண்பகம் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தாள்.

அன்றிலிருந்து டாக்டர் சொன்ன அளவையே அவர் போட்டார். முதல் சில நாள் சர்க்கரை கூடித்தான் இருந்தது. ஊசியைக் கீழே வைத்த பிறகும் கை துறுதுறுத்தது. அவர் அந்தக் கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, இன்னொரு கையால் டாக்டருக்குப் போன் போட்டார். "அப்படியே இருக்கட்டும் சார்" என்றார் டாக்டர். அப்படியே இருந்தது. மெல்ல மெல்ல இறங்கி வந்தது. ஒரு காலையில் துரத்தாமல் கொள்ளாமல் பூந்தியே வந்து, அவர் மடியில் ஏறிக் காதைக் காட்டியது.

டாக்டர் மறுபடி பரிசோதித்துவிட்டுச் சிரித்தார்.

"இப்பதான் சார் எனக்குப் பூனையோட சர்க்கரை தெரியுது. இத்தனை நாளா உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

அன்று மடத்தில் பாயசம் வைத்தார்கள். பூந்திக்கு மட்டும் கிடையாது. அது அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. வேலாயுதத்தின் முழங்காலில் முதுகைச் சாய்த்து, பந்தி நடுவே தூங்கியது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அம்மா பாயசம் ஊற்றிக்கொண்டே வந்தார்.

"பூந்திக்கு நின்னுட்டுதும்மா" என்றார் வேலாயுதம். "எனக்கு எப்ப நிக்கும்?"

கரண்டி நின்றது. அம்மா அவர் பக்கம் திரும்பினார். வேலாயுதம் சட்டென்று துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"நான் பார்க்கல. பாயசம் ஆறுது, சாப்பிடுங்க" என்றார் அம்மா.