அட்டை இல்லாத நர்சம்மா

அல்லிக் குளத்தில் ஓர் உண்ணிக்கொக்கு இருந்தாள். பெயர் வெள்ளச்சி. யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. கூப்பிட்ட இடத்துக்குத் தானே பறந்து போகும் நர்சம்மா. காதில் உண்ணியா, காலில் முள்ளா, புண்ணில் புழுவா, அவள் அலகு போதும். பிடித்த பூச்சிதான் அவளுக்குச் சாப்பாடு.

ஒருநாள் அங்கே பதிவாளர் வந்தார். கிளைகிளையாகக் கொம்பு வைத்த கடமான். அந்தக் கொம்பு மேகத்தில் மாட்டி, வந்த வழியெல்லாம் மழை பெய்ததாம்!

"ஏ கொக்கே! நர்ஸ் வேலை பார்க்கிறாயாமே, அட்டை இருக்கிறதா?"

"காலையிலதாங்க ரெண்டு எடுத்தேன். சாப்பிட்டுட்டேனே!"

"அந்த அட்டை இல்லை! பதிவு அட்டை! தேக்கிலையில் என் குளம்பு பதிந்த அட்டை!"

"அப்போ எனக்கும் ஒண்ணு பதிச்சுக் கொடுங்க, ஐயா."

"கேட்டதற்குப் பதில் சொல். யாருக்குக் கீழே வேலை?"

"யாருக்கும் கீழே இல்லீங்க. எருமைக்கு மேலே."

"தொழில் நடக்கும் இடம்?"

"அதே எருமை முதுகுதாங்க."

"ஊர் சுற்றுகிற முதுகா? இடம் என்றால் ஓரிடத்தில் இருக்க வேண்டாமா?"

எருமை பூதக்கா சேற்றில் அசையாமல் கிடந்தாள். பதிவாளர் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். முகம் மலர்ந்தது.

"ஆகா! இவள் அசையவே இல்லை! விதிக்குப் பொருந்துகிறாள்!" என்று அட்டையைப் பூதக்காவின் கொம்பிலேயே மாட்டிவிட்டார். "இனி இங்கே நர்ஸ் இவள்தான். வெள்ளச்சி, நீ எவர் உடம்பிலாவது அலகு வைத்தால் குளத்தை விட்டே துரத்திவிடுவேன்!"

வெள்ளச்சி பட்டினி கிடந்தாள். பூதக்காவுக்கோ தலைகால் புரியவில்லை. "நர்சக்கா" என்று கூப்பிட்டால்தான் திரும்பியே பார்த்தாள். முள் குத்திய முயல் ஒன்று நொண்டிக்கொண்டு வந்தது. பூதக்கா நக்கிய ஒரே நக்கில், வெளியே தெரிந்த முள்ளும் உள்ளே போயிற்று.

மறுநாள் பதிவாளர் குளத்தில் தண்ணீர் குடித்தார். குடித்தவர் துள்ளிக் குதித்தார்.

"ஐயோ, அட்டை! அட்டை!"

கரையில் நின்ற வெள்ளச்சி சொன்னாள்: "அதுதான் என்கிட்ட இல்லீங்களே!"

"உன்னிடம் இல்லையடி, என்னிடம் இருக்கிறது! மூக்குக்குள்!"

"அடடா! நர்சக்காவைக் கூப்பிடட்டுங்களா?"

பூதக்கா நாக்கை நீட்டிக்கொண்டு எழுந்தாள். பதிவாளர் நாலடி பின்னால் தாவினார்.

"அவள் வேண்டாம்! நீயே எடுத்துவிடு. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். யார் எடுத்தது என்று எனக்குத் தெரியாது!"

"அது ஆகாதுங்க. கண்ணைத் திறங்க. நீங்க பார்த்தால்தான் எடுப்பேன். பார்த்ததைப் பதியவும் வேணும்."

பதிவாளருக்கு மூச்சு முட்டியது. திறந்தார். பார்த்தார். மூக்கிலிருந்து ஓர் அட்டை வந்தது. தேக்கிலையில் பதித்த குளம்படியிலிருந்து இன்னோர் அட்டை வந்தது. பசித்திருந்த வெள்ளச்சி எதை முதலில் வாயில் போட்டாள் என்று கேட்காதீர்கள்!

பதிவு வேண்டியதுதான், ஆனால் வேலை தெரிந்தவர் யார் என்று கண்ணைத் திறந்து பார்த்த பிறகே அதைக் கொடுக்க வேண்டும்.