விழுந்த மண்ணுக்கு ஒரு தொடை

நான் சொல்றதுல ஒரு எழுத்து பொய்யின்னாலும் இப்பவே என் நாக்கு அழுகி விழட்டும். சத்தமாவே சொல்றேன், நாலு வீட்டுக்கும் கேக்கட்டும். அத்தனையும் நெசம். இந்தக் கதையில வர்ற மான் பாறையைத் தாண்டினப்ப அதோட நிழலு பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டு ஓடி வந்துச்சு, அதுவும் நெசம். சிரிக்கிறவங்க எந்திரிச்சுப் போகலாம்.

ஒரு ஊர்ல, மலைக்கு அடியில, நல்லமாயன்னு ஒருத்தன் இருந்தான். அவன் வெள்ளாமைக் காட்டுக்கு அடுத்த காடு ஒச்சப்பனோடது. நடுவுல ஒரு எல்லைக்கல்லு. கல்லுக்கு அந்தப் பக்கம், ஒச்சப்பன் மண்ணுல, ஒரு ஊத்து.

வருசா வருசம் அறுப்பு முடிஞ்சதும் ஊரே பாரிவேட்டைக்குக் கிளம்பும். தப்படிச்சு விரட்டுனா மானு தாகத்துக்கு அந்த ஊத்துக்குத்தான் ஓடி வரும், அங்கதான் விழும். ஊர் வழக்கம் என்னன்னா, எய்தவனுக்குத் தலை, விழுந்த மண்ணுக்காரனுக்கு ஒரு தொடை, மிச்சம் ஊருக்கு. ஆக, தொடை எப்பவும் ஒச்சப்பன் வீட்டுக்குப் போச்சு. நல்லமாயன் வீட்டுக்கு வாசம் மட்டும் வந்துச்சு.

அந்த வருசம் நல்லமாயன் மக பேச்சிக்குப் பரிசம் போட, வேட்டையன்னைக்கே சம்பந்தி வீட்டார் வர்றதா இருந்துச்சு. இவன் வாய் சும்மா இருக்குமா? "மான்தொடை இல்லாம எங்க வீட்டுல விருந்தே கிடையாது"ன்னு சொல்லி அனுப்பிட்டான். சொன்னதுக்கப்புறம் யோசிச்சான். யோசிச்சு, ஊரே சாமி கும்பிடப் போயிருந்த உச்சிவெயில்ல கடப்பாரையோட போயி, கல்லைப் பேத்து, ஊத்துக்கு அந்தாண்ட நட்டு, மண்ணைத் தள்ளி, மேல புல்லைப் பதிச்சு, அப்புறம் ஒண்ணும் தெரியாதவனாட்டம் கோயிலுக்குப் போயி திருநீறு பூசிக்கிட்டான்.

மறுநாள் ஒச்சப்பன் வந்து பார்த்தான்.

"ஏன் தம்பி, கல்லு நடந்து வந்த மாதிரி இருக்கே?"

"கல்லுக்குக் கால் முளைக்குமாண்ணே? உனக்குத்தான் கண்ணுல புரை விழுந்திருக்கு."

ஒச்சப்பன் கல்லைப் பார்த்தான், நல்லமாயனைப் பார்த்தான், பதிச்ச புல்லு வாடிக் கெடந்ததைப் பார்த்தான். "சரி, பரிசம் போடுற நேரம். பேச்சி நல்லாருக்கட்டும்"னுட்டு மாட்டைப் பத்திக்கிட்டுப் போயிட்டான்.

வேட்டை வந்துச்சு. தப்பு முழங்குச்சு. மானு பறந்து வந்து, அம்பு தச்சு, ஊத்தங்கரை நாணலுக்குள்ள சாஞ்சிருச்சு. சம்பந்தி வீட்டாரும் வேடிக்கை பார்க்க வந்து நிக்கிறாங்க. யாரும் தொடுறதுக்கு முன்னாடி ஊருக்குத் தலைவரான அம்பலக்காரரு மூணு தடவை கேக்கணும்.

"விழுந்த மண்ணு யாருது?"

"என்னுது"ன்னான் நல்லமாயன்.

"விழுந்த மண்ணு யாருது?"

"என்னுதுதான்."

"விழுந்த மண்ணு யாருது?"

"என்னுது, எங்கப்பன், எங்க பாட்டன் எல்லாருதும்."

அப்புறந்தான் நாணலை விலக்கி மானைப் புரட்டுனாங்க. வயிறு பானை மாதிரி இருந்துச்சு. நிறைசினை. தப்பு அப்படியே நின்னு போச்சு.

அம்பலக்காரரு துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுச் சொன்னாரு: "சினைமான் விழுந்தா மண்ணுக்காரன், பெத்தவளைப் பறிகொடுத்தவன் மாதிரி தலையும் மீசையும் மழிச்சு, மானைத் தன் கையால குழி வெட்டிப் புதைக்கணும். அடுத்த வேட்டை வரைக்கும் அவன் வீட்டுல நல்லது நடக்கக் கூடாது."

"அப்ப நாங்க வண்டியைத் திருப்ப வேண்டியதுதானா?"ன்னா சம்பந்தியம்மா.

பேச்சி அப்பனையே பார்த்துக்கிட்டு நின்னா. நல்லமாயன் தோள்துண்டை எடுத்துக் கக்கத்துல இடுக்கிக்கிட்டான்.

"அது... என் மண்ணு இல்லைங்க."

"இப்பத்தானய்யா உன் பாட்டன் வரைக்கும் இழுத்தே?"ன்னாரு அம்பலக்காரரு.

"கல்லை நான்தான் நகட்டுனேன். ஊத்து அண்ணனோடது."

யாராவது ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா அவனுக்குத் தேவலையா இருந்திருக்கும். ஒரு கெழவி மட்டும், "அட, ஒரு தொடைக் கறிக்கா?"ன்னா. அவ்வளவுதான்.

ஒச்சப்பன் கம்பைக் கீழ வச்சுட்டு கூட்டத்துல நின்ன நாவிதர் முன்னாடி போய்க் குத்த வச்சான். "எடுங்க"ன்னான்.

"நீ எய்யலை, தொடையும் கேக்கலையேப்பா"ன்னாரு நாவிதர்.

"இத்தனை வருசம் தொடையைத் தின்னேன்ல. மண்ணு என்னுதுன்னா இதுவும் என்னுதுதான்."

தலை போச்சு, மீசை போச்சு. குழி வெட்ட ஒச்சப்பன் மம்பட்டியை எடுத்தப்ப நல்லமாயன் ஓடிப் போயி காம்பைப் புடிச்சான். ஒச்சப்பன் மெதுவா அவன் கையை விலக்கி விட்டான். "நீ போ தம்பி. வீட்டுல விருந்தாளுக பசியோட இருப்பாங்க." செருப்பால அடிச்சிருந்தாக்கூட அப்படி வலிச்சிருக்காது.

விருந்துக்குக் கத்திரிக்காக் குழம்புதான். தின்னு முடிச்சு, சம்பந்தியம்மா தாம்பாளத்தை நகர்த்தி வச்சா. "பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா தாரை வார்க்க அந்த மொட்டைத்தலைக்காரருதான் வரணும். அவரு தீட்டுக் கழியட்டும், காத்திருக்கோம். கல்லை நகட்டுன கையால பொண்ணு வாங்குற பழக்கம் எங்களுக்கு இல்லை."

அன்னைக்குச் சாயங்காலம் நல்லமாயன் வெக்கம் தாங்காம தானே மீசையைச் சிரைச்சான். மூஞ்சி கழுவி நிமிர்றதுக்குள்ள முளைச்சிருச்சு. மறுபடி சிரைச்சான், இன்னும் தடியா வந்துச்சு. மறுபடி சிரைச்சான், எருமைக்கொம்பு கணக்கா முறுக்கிக்கிட்டு வந்துச்சு. அடுத்த வேட்டை முடிஞ்சு தீட்டுக் கழிஞ்சதும், அதுவரைக்கும் மழிச்சுக்கிட்டே இருந்த ஒச்சப்பன் மொழுமொழுன்னு பந்தல்ல நின்னு பேச்சியைத் தாரை வார்த்தான். அவ அவன் கால்ல விழுந்து கும்பிட்டா. பெத்தவன் எச்சில் இலை போடுற எடத்துல, அந்த மீசை தெரியாம துண்டால வாயைப் பொத்திக்கிட்டு நின்னு பார்த்தான்.

அடுத்தவன் மண்ணை இழுத்தா அதுல விழுந்ததும் சேர்ந்தே வரும். அவங்க பந்தியில தின்னாங்க, நாம காதால தின்னோம், கையைக் கழுவுங்க. ஆனா ஒண்ணு, சொன்னது நான்னு யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. நல்லமாயன் பேத்தியைத்தான் எனக்குக் கட்டி வச்சிருக்காங்க, உள்ள அடுப்பு ஊதிக்கிட்டு இருக்கா.