கவிழ்த்து ஒப்படைத்த படகு

ஓணாங்குளம் என்று ஓர் ஊர். அந்த ஊரில் முட்டாள்கள் அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிற அத்தனை பேரும் முட்டாள்கள். அதில் அதிகம், குறைவு என்ற பேச்சே கிடையாது.

ஊருக்கு மேற்கே ஒரு ஏரி. பக்கத்து ஊரில் படகுத்துறையை மூடியபோது, அங்கே கிடந்த பச்சை வர்ணத் துடுப்புப் படகை இந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் இரண்டு பேர் கூட்டாக வாங்கிவந்தார்கள். மீன் பிடிக்க அல்ல, அக்கரைக்குப் போகவும் அல்ல. ஏரி நடுவில் உட்கார்ந்து காற்று வாங்க. கரையில் வீசுகிற காற்று இவர்களுக்குப் போதவில்லையாம்.

ஒருவர் ஜவுளிக்கடை தெய்வசிகாமணி. மற்றவர் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடும் பொன்னுரங்கம். ஆளுக்கு ஒரு வாரம் படகை வைத்துக்கொள்வது, ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மில் சங்கு ஊதும்போது கைமாற்றுவது என்று பேசி முடித்தார்கள்.

"எல்லாம் எழுத்துல இருக்கணும்," என்றார் தெய்வசிகாமணி.

பொன்னுரங்கத்துக்குத் தெரிந்த எழுத்து ஒன்றுதான்: அவர் கடை ரசீதின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் நிபந்தனைகள். அதில் 'பாத்திரம்' என்று வந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டு 'படகு' என்று எழுதினார். ஒப்பந்தம் தயாராகிவிட்டது.

தெய்வசிகாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "படகைப் புளி போட்டு விளக்கி, துடைத்து, கவிழ்த்து ஒப்படைக்கவும். எண்ணி வாங்கிக்கொள்ளவும். வெறும் படகை அடுப்பில் ஏற்றக் கூடாது. தாமதமானால் அடுத்த விசேஷத்துக்குப் படகு தரப்பட மாட்டாது."

கண்ணாடியைக் கழற்றினார். "அடுப்புல ஏத்துற எண்ணமே எனக்கு இல்லையே?"

"இன்னைக்கு இல்ல. நாளைக்கு வந்துட்டா?"

தெய்வசிகாமணிக்குத் தன்னைப் பற்றி நன்றாகத் தெரியும். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

முதல் கைமாற்றத்துக்கு அரை மூட்டைப் புளி செலவானது. படகின் வர்ணத்தில் பாதி புளியோடு போயிற்று. எட்டு ஆட்கள் பிடித்துக் கரையில் கவிழ்த்தார்கள். கவிழ்த்த பிறகு ஏழு பேர்தான் வெளியே நின்றார்கள். எட்டாவது ஆள் உள்ளேயிருந்து தட்டினார். "சத்தம் கணீர்னு இருக்கு, ஓட்டை ஒடிசல் இல்ல," என்று பொன்னுரங்கம் மெச்சினார். பிறகு படகை எண்ணினார். ஒன்று. சந்தேகம் வந்து மறுபக்கத்திலிருந்து எண்ணினார். அப்போதும் ஒன்றுதான். ரசீதில் எழுதாத சாமானைத் தான் வாங்க முடியாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்ன பிறகே உள்ளே இருந்த ஆளை வெளியே எடுத்தார்கள்.

இப்படியே நாலைந்து வாரம் ஓடியது. ஊரே வந்து பார்த்து, கூட்டு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று பெருமைப்பட்டது. அந்த ஊருக்கு அதைவிடப் பெரிய பெருமை எங்கிருந்து வரும்?

தெய்வசிகாமணிக்கு ஒரே மகள், செண்பகம். அவள் கல்யாணம்தான் அவருக்கு இருந்த ஒரே கவலை. நாலு வரன்கள் வந்து, அவரோடு பத்து நிமிஷம் பேசிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் எழுந்து போயிருந்தன. ஐந்தாவதாக வைத்திலிங்கம் என்பவர் தன் மகன் தனபாலனோடு வந்தார். பெண் வீட்டுக்குச் சொந்தப் படகு இருக்கிறது என்று தரகர் சொன்னதைக் கேட்டு வந்தவர்.

"முதல்ல படகுல ஒரு சுத்து போயிட்டு வருவோம். பொண்ணைப் பத்தி அப்புறம் பேசலாம்," என்றார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மணி பதினொன்றரை.

பொன்னுரங்கம் ஏரிக்கரையில் காத்திருந்தார். "பன்னிரண்டு மணிக்கு நான் படகை வாங்கணும். நீங்க நடு ஏரியில இருந்தா யார்கிட்ட போய் வாங்குவேன்?"

"அதுக்கென்ன, நீங்களும் ஏறிக்குங்க."

நாலு பேரும் ஏறினார்கள். தெய்வசிகாமணி துடுப்புப் போடுவதும், நிறுத்திவிட்டுப் புளி போட்டுத் தேய்ப்பதுமாக வந்தார். சுத்தமான மனுஷன் என்று வைத்திலிங்கம் நினைத்துக்கொண்டார். நடு ஏரிக்கு வந்தபோது மில் சங்கு ஊத ஆரம்பித்தது.

"நேரமாச்சு. கவிழ்த்துக் குடுங்க," என்றார் பொன்னுரங்கம்.

"கரைக்குப் போய்க் கவிழ்க்கலாமே?"

"போய்ச் சேரக் கால் மணி ஆகும். தாமதமானா அடுத்த விசேஷத்துக்குப் படகு கிடையாது."

அடுத்த விசேஷம் மகள் கல்யாணம். படகு இல்லாத பெண்ணை இந்தச் சம்பந்தி எடுப்பாரா? தெய்வசிகாமணி துடுப்பைக் கீழே வைத்தார். எழுந்து ஓரமாக நின்றார்.

"சம்பந்தி, கொஞ்சம் என் பக்கமாச் சாய்ஞ்சுக்குங்க."

வைத்திலிங்கம் மரியாதை தெரிந்தவர். சாய்ந்தார்.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்ததால் ஏரியில் கழுத்தளவுத் தண்ணீர்தான். இவர்களைப் போன்றவர்களை உத்தேசித்து மழையும் பார்த்துத்தான் பெய்கிறது. கவிழ்ந்த படகைச் சுற்றி நாலு தலைகள் தெரிந்தன. பொன்னுரங்கத்தின் தலை படகை எண்ணி, "ஒன்று" என்றது.

வைத்திலிங்கம் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு விஷயம் என்ன என்று கேட்டார். இருவரும் ஒப்பந்தத்தைச் சொன்னார்கள்.

"சொன்ன நேரத்துக்குள்ள கவிழ்த்தீங்களா?"

"சங்கு ஓயறதுக்குள்ள."

"வாக்கு மாறாத குடும்பம். பொண்ணை முடிச்சுக்கலாம்," என்றார் வைத்திலிங்கம். ஜாடிக்கேற்ற மூடி என்று சும்மாவா சொன்னார்கள். தெய்வசிகாமணி அழுதேவிட்டார். முகமெல்லாம் ஏரித் தண்ணீராக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

பொன்னுரங்கம் படகைத் தடவிப் பார்த்தார். "ஈரமா இருக்கே. துடைக்கலையா?"

வைத்திலிங்கத்தின் முகம் மாறியது. "துடைக்கலையா? அப்போ பாதி வாக்குத்தானா? நான் யோசிக்கணும்."

தெய்வசிகாமணி பதறிப்போய் இடுப்புத் துண்டை அவிழ்த்துத் துடைத்தார். துடைத்த இடம் முன்னைவிட நனைந்தது. பொன்னுரங்கம் தன் துண்டால் துடைத்துப் பார்த்தார். அதுவும் நனைத்தது.

"துடைக்கத் துடைக்க ஈரம் எங்கிருந்துய்யா வருது?"

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். "ஏரியிலிருந்து வருது," என்று கடைசியில் வைத்திலிங்கம் கண்டுபிடித்தார். "முதல்ல ஏரியைத் துடைச்சுட்டு, அப்புறம் படகைத் துடைக்கணும்."

அனுபவசாலி சொன்னால் கேட்க வேண்டியதுதானே. மூன்று துண்டுகளும் ஏரியைத் துடைக்க ஆரம்பித்தன. நன்றாக ஊறவிட்டு முறுக்கிப் பிழிந்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் வேறு இடம் இல்லாததால் ஏரியிலேயே பிழிந்தார்கள். கரையில் நின்ற செண்பகம், "நடந்தே வந்துடலாம், வாங்கப்பா," என்று மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. மாப்பிள்ளை தனபாலனுக்குக் கால் கடுத்தது. கவிழ்ந்த படகின் மேல் ஏறி நின்றான். குனிந்து தன் காலைப் பார்த்தான்.

"மாமா," என்றான் முதல் முறையாக. "விடாதீங்க, நல்லாக் குறையுது. கழுத்துவரைக்கும் இருந்த தண்ணி இப்போ கணுக்காலுக்கு வந்துடுச்சு."

மூன்று பேரும் இன்னும் வேகமாகப் பிழிந்தார்கள்.